மனநலத்துக்கு மெயின்டனன்ஸ் யார் கட்டுவது?

(உலக மனநல நாளையொட்டி நம் கம்யூனிட்டி ஹாலில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பி பிளாக்வாசி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடித்த கையோடு இத்தனை பேர் வந்து உட்கார்ந்திருப்பதற்கு முதலில் நன்றி. தலைப்பைப் பார்த்துவிட்டு யோகா வகுப்பு என்று நினைத்து வந்தவர்கள் இருந்தால் மன்னிக்கவும், மூச்சுப்பயிற்சி இன்று கிடையாது. நான் டாக்டரும் இல்லை. சுகாதாரத் துறையின் கணக்குப் பிரிவில் 30 வருஷம் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்துதான் பேச முடியும். மனநல சேவைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, நம் தெரு வரைக்கும் வர அதற்கு என்ன தடை என்பதுதான் இன்றைய பேச்சு.

நம் அபார்ட்மென்ட் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். நம்மிடம் இரண்டு விதப் பணம் இருக்கிறது. ஒன்று கார்பஸ் ஃபண்ட், இன்னொன்று மாதாமாதம் கட்டும் மெயின்டனன்ஸ். லிஃப்ட் வாங்குவது ஒரு தடவைச் செலவு. அதைத் திறந்து வைத்து, தேங்காய் உடைத்து, போட்டோ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் லிஃப்ட் தினமும் ஏறி இறங்குவது ஏ.எம்.சி. பணத்தாலும், கரண்ட் பில்லாலும், கூப்பிட்டால் வரும் டெக்னீஷியனாலும்தான். அந்தப் பணத்தை ஆறு மாதம் நிறுத்திப் பாருங்கள், லிஃப்ட் வெறும் இரும்புப் பெட்டி.

மருத்துவத்திலும் இந்த இரண்டு விதம் உண்டு. கண்புரை ஆபரேஷன் பெரும்பாலும் ஒரு தடவையோடு முடிகிற காரியம். மனநோய் சிகிச்சை அப்படி இல்லை. அதற்கு ஸ்கேன் மெஷினோ ஆபரேஷன் தியேட்டரோ பெரிதாகத் தேவைப்படாது. உட்கார்ந்து கேட்கிற ஆள் வேண்டும், மாதம் தவறாமல் மாத்திரை வேண்டும், இந்த மாதம் வரவில்லையே என்று போன் செய்து விசாரிக்க ஒருவர் வேண்டும். மூன்றுமே மெயின்டனன்ஸ் செலவு. இவற்றில் ரிப்பன் வெட்ட எதுவும் இல்லை. அதனால்தான் இந்தப் பணம் எப்போதும் கடைசியில் நிற்கிறது. நான் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான். மீதியெல்லாம் அதற்கான கணக்கு.

முதலில் தேவையின் அளவைப் பார்ப்போம். பெங்களூர் நிம்ஹான்ஸ் தலைமையில் 2015-16ல் தேசிய மனநல ஆய்வு 12 மாநிலங்களில் நடந்தது. தமிழ்நாடும் அதில் ஒன்று. பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அந்தச் சமயத்தில் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. குடிப்பழக்க நோயும் இதில் சேர்த்தி. நம் வளாகத்தில் 180 ஃப்ளாட், பெரியவர்கள் சுமார் 400 பேர். நாட்டின் சராசரியை நம் மேல் அப்படியே வைத்துப் பார்க்க முடியாதுதான். வைத்துப் பார்த்தால் 40 பேர் வருகிறது, பிளாக்குக்கு 10 பேர். அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. சிகிச்சை தேவைப்பட்டும் கிடைக்காதவர்கள், நோயைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் வரை.

ஏன் கிடைப்பதில்லை? வெட்கம், பயம், "நம்ம வீட்லயா" என்ற திகைப்பு எல்லாம் உண்டு. அதைப் பற்றி நிறையப் பேர் பேசுகிறார்கள். தூரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா. நம் வளாகமா, பக்கத்து வளாகமா என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். நாலு வீட்டில் வேலை செய்கிறார். மகனுக்கு இருபதுகளில் வயது. காதில் குரல் கேட்கிற நோய். மாத்திரை சாப்பிட்டால் நன்றாக இருக்கிறான், வேலைக்கும் போகிறான். மாத்திரை வாங்க மாதம் ஒருமுறை அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலை ஆறு மணிக்குக் கிளம்பி இரண்டு பஸ் மாற வேண்டும். அம்மாவுக்கு மகளிர் இலவசப் பஸ், மகனுக்கு டிக்கெட். ஓ.பி. சீட்டு, வரிசை, டாக்டர், பிறகு மருந்து கவுன்டரில் இன்னொரு வரிசை. வீடு திரும்ப மணி இரண்டு, மூன்று ஆகிவிடும். அங்கே யாரும் அவரை மரியாதைக் குறைவாக நடத்தவில்லை. டாக்டருக்குக் காசில்லை, மாத்திரைக்கும் காசில்லை. ஆனால் மகனின் அன்றைய கூலி, அவர் லீவு போட்டதற்குப் பிடித்த பணம், பஸ், டீ, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் போய்விடுகிறது. வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம்.

ஒரு மழைக்காலத்தில் இரண்டு மாதம் தொடர்ந்து போக முடியவில்லை. மாத்திரை நின்றது. பொங்கலின்போது மகன் ஐந்து வாரம் வார்டில் இருந்தான். வேலையும் போயிற்று.

இதைக் கணக்குப் பிள்ளையின் கண்ணால் பாருங்கள். வீட்டுப் பக்கத்தில் சேவை இல்லாததால் அரசுக்குப் பணம் மிச்சமாகவில்லை. ஐந்து வாரப் படுக்கைச் செலவு அரசுக்கே வந்தது. மீதிச் செலவு அந்த அம்மாவின் தலையில் விழுந்தது. செலவு குறையவே இல்லை. இடம் மட்டும் மாறியிருக்கிறது.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 18ஆம் பிரிவின்படி, அரசு நடத்துகிற அல்லது அரசுப் பணத்தில் நடக்கிற இடத்தில் மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை. அதற்காக யாரும் நெடுந்தூரம் பயணம் செய்யும்படி இருக்கக் கூடாது, வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே சேவை இருக்க வேண்டும் என்று அதே பிரிவு கூறுகிறது. 31ஆம் பிரிவு, மக்கள்தொகைக்கு ஏற்ப மனநலப் பணியாளர்களின் எண்ணிக்கையை உலகம் ஏற்றுக்கொண்ட அளவுக்குக் கொண்டுவர 10 ஆண்டுக்குள் அரசு முயல வேண்டும் என்கிறது. அந்தப் பத்து ஆண்டு 2028ல் முடிகிறது. ஒரு லட்சம் பேருக்குக் குறைந்தது 3 மனநல மருத்துவர் தேவை என்பது சாதாரணமாகச் சொல்லப்படும் கணக்கு. இந்தியாவில் இருப்பது 0.75.

திட்டம் இல்லாமல் இல்லை. தேசிய மனநலத் திட்டம் 1982லேயே வந்தது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கே பயிற்சி கொடுத்து நிம்ஹான்ஸ் நடத்திப் பார்த்தது. அந்த அனுபவத்தை வைத்து 1996ல் மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் நாலு மாவட்டங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் திருச்சிக்கு வந்தது. இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது. ஒரு மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், நர்ஸ் கொண்ட குழு மாவட்ட மருத்துவமனையிலிருந்து தாலுகா மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போக வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான்.

பணத்தைப் பாருங்கள். இந்தத் திட்டத்தில் ஒரு மாவட்டத்துக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 83.2 லட்சம் ரூபாய் என்று வகுத்தார்கள். 20 லட்சம் பேர் உள்ள மாவட்டம் என்று வைத்துக்கொண்டால் தலைக்கு ஆண்டுக்கு 4 ரூபாய் சொச்சம். மாநில அரசு கொடுக்கும் சம்பளம், மருந்து, மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவு எல்லாம் இதற்கு வெளியே இருக்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வீட்டருகே வந்து பார்ப்பதற்கென்று ஒதுக்கிய பணம் இந்த 4 ரூபாய்தான். அந்த அம்மா ஒருவர் மட்டும் கையிலிருந்து போடுவது 12,000.

ஒதுக்கிய பணமாவது செலவாகிறதா? 2019-20 மத்திய பட்ஜெட்டில் தேசிய மனநலத் திட்டம் என்ற தலைப்பில் 40 கோடி ரூபாய் போட்டார்கள். திருத்திய மதிப்பீட்டில் அது 5 கோடி ஆயிற்று. ஃபைல் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், பணம் செலவாகாமல் திரும்புவதற்குப் பெரும்பாலும் காரணம் ஆள் நியமிக்காததுதான். ஆள் இல்லை என்பதால் செலவு இல்லை, செலவு இல்லை என்பதால் அடுத்த வருஷம் ஒதுக்கீடு குறைவு.

உலக அளவிலும் இதே கதைதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு மனநல அட்லஸ்படி, அரசுகள் தங்கள் சுகாதாரச் செலவில் மனநலத்துக்குக் கொடுப்பது 2 சதவீதம் அளவுதான். நடுத்தர வருமான நாடுகளில் அந்தப் பணத்திலும் 70 சதவீதம் பெரிய மனநல மருத்துவமனைகளுக்குப் போகிறது. பெரிய மருத்துவமனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சென்னையில் 1794ல் மனநோயாளிகளுக்கென்று ஆரம்பித்த இல்லம்தான் பிறகு கீழ்ப்பாக்கம் வந்து, இன்றும் ஆயிரக்கணக்கானோருக்குக் கடைசிப் புகலிடமாக இருக்கிறது. ஆனால் கடைசிப் புகலிடத்துக்கு முன்னால் முதல் கதவு ஒன்று வேண்டும்.

அந்த முதல் கதவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் பார்த்தோம். கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவிட்ட குடும்பங்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். பலருக்கு ஊருக்குப் பக்கத்தில் வேறு இடம் தெரியவில்லை என்பதுதான் நிஜம்.

சரி, பக்கத்தில் ஒரு சேவைக்கு நிரந்தரமாகப் பணம் திரட்ட வழி உண்டா? உங்கள் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் 10 சதவீதம் நூலக வரி சேர்ந்திருக்கும். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் அதற்கு வழி செய்தது. நம் பகுதிக் கிளை நூலகத்தில் நாளிதழ் வருவதற்கும் லைட் எரிவதற்கும் அந்த வரி ஒரு காரணம். ஒரு பொதுச் சேவைக்கு வருஷா வருஷம் பணம் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்று 1948லேயே யோசித்திருக்கிறார்கள்.

மனநலத்துக்கு இதே வழியில் போன ஒரு ஊர், அமெரிக்காவில் சிகாகோ. 2012ல் அந்த நகர நிர்வாகம் தான் நடத்திவந்த 12 மனநல மையங்களில் 6ஐ மூடியது. காரணம், பட்ஜெட் பற்றாக்குறை. அதற்கு முந்தைய ஆண்டுதான் இல்லினாய் மாநிலம் ஒரு சட்டம் போட்டிருந்தது. ஒரு பகுதியின் மக்கள் வாக்களித்து ஒப்புக்கொண்டால், அந்தப் பகுதியின் சொத்து வரியோடு ஒரு சிறு தொகை சேர்த்து வாங்கி, அதே பகுதியில் மனநல மையம் நடத்தலாம். 2012 நவம்பரில் வடமேற்கு சிகாகோவின் சில பேட்டைகள் இதற்கு வாக்களித்தன. 1,000 டாலர் சொத்து வரிக்குக் கூடுதலாக 4 டாலர். பெரும்பான்மையினர் சரி என்றார்கள். 2014ல் கெட்ஸி சென்டர் என்ற பெயரில் மையம் திறந்தது. அப்பகுதிவாசிகளுக்குக் கட்டணம் இல்லை. பணம் அங்கேயே வசூலாகி அங்கேயே செலவாவதால், கணக்குக் கேட்பவர்களும் பக்கத்துத் தெருக்காரர்கள்.

நாமும் வரி போட்டுக்கொள்வோம் என்று சொல்ல வரவில்லை. அதற்கு இங்கே சட்டம் இல்லை. அந்தப் பேட்டை மக்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. சேவை வீட்டருகே வேண்டும் என்று அவர்களே கூட்டாகக் கேட்டார்கள். ஒரு தடவை நன்கொடையாக இல்லாமல் வருஷா வருஷம் வரும் பணமாகக் கேட்டார்கள்.

நமக்கும் கேட்க ஓர் இடம் இருக்கிறது. 2022 முதல் நம் மாநிலத்தின் நகரங்களில் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழுவும் அதன் கீழ் பகுதி சபைகளும் அமைந்திருக்கின்றன. நாம் அங்கே போனால் ரோடு, குப்பை, தெருநாய் பற்றித்தான் பேசுகிறோம். அவையும் தேவைதான். அடுத்த முறை கூடவே மூன்று கேள்வி கேட்போம்.

முதலாவது, நம் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாவட்ட மனநலக் குழு எந்தக் கிழமை வருகிறது? வருவதில்லை என்றால் வாரம் ஒரு கிழமையைக் குறித்துக் கொடுங்கள், அதுவும் வேலைக்குப் போகிறவர்கள் வரும்படி மாலை நேரத்தில்.

இரண்டாவது, ஒருமுறை டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை அடுத்தடுத்த மாதம் இங்கேயே வாங்கிக்கொள்ள முடியுமா? சர்க்கரைக்கும் பி.பி.க்கும் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. எனவே செய்ய முடியாத காரியம் இல்லை.

மூன்றாவது, நம் மாவட்டத்தின் மனநலக் குழுவில் எத்தனை பணியிடம், எத்தனை காலி, போன வருஷம் ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு? பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் நானே மனு எழுதித் தருகிறேன். அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு.

இனி உங்கள் மனதில் ஓடும் சில கேள்விகளுக்கு வருகிறேன்.

"நமக்கெல்லாம் பிரைவேட் டாக்டர் இருக்கிறார், இன்சூரன்ஸ் இருக்கிறது, இது நமக்கு எதற்கு?" இன்சூரன்ஸ் விஷயத்தில் சட்டம் நம் பக்கம்தான். மற்ற நோய்களுக்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் உங்கள் பாலிசியைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும். மனநல சிகிச்சையில் பெரும்பகுதி படுக்காமல் நடப்பது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வளாகத்தில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக இருக்கும் பெரியவர்களை எண்ணிப் பாருங்கள். மனச்சோர்வும் மறதி நோயும் முதலில் தட்டப்போவது அந்தக் கதவுகளைத்தான். எழுபத்தெட்டு வயதில் தனியாக ஆட்டோ பிடித்து நகரத்தின் அந்தக் கோடிக்கு யார் போவது?

"வாரம் ஒருநாள் கிளினிக் என்றால் அந்த மாதிரி ஆட்கள் எல்லாம் நம் தெரு வழியாக வருவார்களே?" நம் வாட்ஸ்அப் குரூப்பிலேயே இந்தக் கேள்வி வந்தது. கோபமில்லாமல் பதில் சொல்கிறேன். அவர்கள் ஏற்கெனவே நம் தெருவில்தான் இருக்கிறார்கள், சிலர் நம் லிஃப்ட்டில் நம்மோடு ஏறுகிறார்கள். கிளினிக்குக்கு வருகிறவர் சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவர். நீங்கள் பயப்பட வேண்டியது அவர் வராமல் நின்றுவிடும் மாதத்துக்குத்தான்.

"இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை, அசோசியேஷனுக்கு என்ன?" அரசாங்கத்தின் வேலைதான். அதை அரசாங்கத்திடமிருந்து வாங்குவது நம் வேலை. அதோடு நம் கையில் இருக்கிற சின்ன வேலை ஒன்றையும் நாம் செய்தாக வேண்டும்.

அடுத்த பொதுக்குழுவில் அதற்கான தீர்மானத்தை நான் முன்மொழிகிறேன். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், பிளம்பர், எலக்ட்ரீஷியன் என்று நம்மிடம் 26 பேர் வேலை செய்கிறார்கள். இவர்களுக்கு மாதம் அரை நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு தர வேண்டும். தனக்கோ, வீட்டில் இருப்பவருக்கோ, எந்த நோய்க்கும் எடுத்துக்கொள்ளலாம். என்ன நோய் என்று யாரும் கேட்கக் கூடாது, சீட்டும் காட்டச் சொல்லக் கூடாது. கேட்டால் மனநோய்க்காரர் ஒருவரும் எடுக்க மாட்டார். அரை நாளுக்கு 300 ரூபாய் என்று வைத்தால், 26 பேருமே எடுத்தாலும் மாதம் 7,800 ரூபாய். ஃப்ளாட்டுக்கு 43 ரூபாய். இதைக் கார்பஸ் ஃபண்டிலிருந்து ஒரு தடவை எடுத்துக் கொடுக்க வேண்டாம். மெயின்டனன்ஸ் பில்லில் ஒரு வரியாக, மாதாமாதம் வரட்டும். வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் அவரவர் வீட்டில் இதே முறையை வைத்துக்கொள்ளலாம். சம்பளத்தில் பிடிக்காமல் இருந்தாலே போதும்.

காசில்லாத வேலை இன்னொன்று. லிஃப்ட்டுக்குள் லிஃப்ட் கம்பெனியின் எமர்ஜென்சி நம்பர் ஒட்டியிருக்கிறது. அதற்குக் கீழே 14416 என்று ஒட்டுவோம். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் எண் அது. நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை என்று பெயர். இரவிலும் பகலிலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. 104ஐயும் சேர்த்துக்கொள்ளலாம். நள்ளிரவில் ஒரு வீட்டில் யாராவது உயிரை விட நினைத்தால், அடுத்த வீட்டுக்காரர் கூகுளில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

43 ரூபாய் கணக்கின் முழு விவரமும் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். பொதுக்குழுவுக்கு வரும்போது படித்துவிட்டு வாருங்கள். எதிர்த்து ஓட்டுப் போடுவதாக இருந்தாலும் வாருங்கள், பேசித் தீர்த்துக்கொள்வோம். பகுதி சபைக்குக் கொடுக்கும் மனு வாசலில் மேஜை மேல் இருக்கிறது. போகும்போது ஒரு கையெழுத்து. ஃப்ளாட் நம்பரைப் போட மறக்காதீர்கள், அப்போதுதான் இந்த வார்டுக்காரர்கள் கேட்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.